கியூஜிஐஎஸ் கேள்வி பதில்: கடலில் விழுந்த கிணறுகளும் காணாமல் போன தமிழ்ப் பெயர்களும்

கேள்வி (கோப்பாய் மாணவர்): அண்ணை, வலிகாமத்துக் கிணறுகளை ஃபோனில் குறித்து, சிஎஸ்வி அட்டவணைக் கோப்பாகக் கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் போட்டேன். ஒரு புள்ளியும் யாழ்ப்பாணத்தில் இல்லை.

தம்பி, லேயரில் (வரைபட அடுக்கில்) ரைட் கிளிக் செய்து 'ஸூம் டு லேயர்' கொடுத்துப் பாரும். வடதுருவப் பக்கம், ஸ்வால்பார்ட் தீவுகளுக்குக் கிட்டக் கடலில் நிற்கின்றனவா? அப்படியென்றால் எக்ஸும் வையும் இடம் மாறிவிட்டன. எக்ஸ் என்பது நெட்டாங்கு, எங்கள் பக்கம் 80 அளவில் வரும். வை அகலாங்கு, 9.7 அளவு. ஆபிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் குவிந்திருந்தால் அந்த வரிகளில் பூச்சியம்தான் பதிவாகியிருக்கிறது.

கேள்வி (நல்லூர்): கிராம அலுவலர் பிரிவு எல்லை ஷேப்ஃபைல் (வரைபட உருவங்களைச் சேமிக்கும் கோப்புத் தொகுதி) ஒன்று, ஆள்கூற்றுக் கட்டமைப்பு எது என்று சொல்லும் பிஆர்ஜே கோப்பு இல்லாமல் வந்தது. கட்டமைப்பு எண் 5235 என்று கொடுத்தேன், எல்லாம் கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலில் போய் விழுகிறது!

அக்கா, இலங்கையில் இரண்டு கட்டமைப்புகள் புழக்கத்தில் இருப்பதால் வரும் வினை இது. இரண்டுக்கும் தொடக்கப்புள்ளி பீதுருதாலகாலை மலைதான், ஆனால் பழைய கண்டவல கட்டமைப்பில் (5234) அந்த இடத்துக்குக் கொடுத்த எண் கிழக்கு 200,000, வடக்கு 200,000. 1999இல் வந்த புதியதில் (5235) இரண்டும் 500,000. அதனால் பழைய தரவுக்குப் புதிய எண்ணைக் கொடுத்தால் மேற்கே 300 கிலோமீற்றர், தெற்கே 300 கிலோமீற்றர் தள்ளிப் போகும்.

லேயர் புரொப்பர்ட்டீஸில் எக்ஸ்டென்ட் (தரவு பரவியிருக்கும் எல்லை) எண்களைப் பாருங்கள். யாழ் நகரம் 116,000, 494,000 அளவில் இருந்தால் பழையது. 416,000, 794,000 அளவில் இருந்தால் புதியது. வடக்கு எண் பத்து இலட்சத்தைத் தாண்டினால் யூடிஎம் என்ற உலகக் கட்டமைப்பின் 44ஆம் வலயம். வெறும் 80, 9 என்றால் பாகையில் அளக்கும் 4326.

இன்னொன்று, இதில்தான் கனபேர் மாட்டுப்படுகிறார்கள்: 'செட் சிஆர்எஸ்' (கட்டமைப்பைக் குறிக்கும் கட்டளை) எண்களைத் தொடாது, போத்தலில் லேபிளை மட்டும் மாற்றுகிற வேலை அது. முதலில் சரியான லேபிளை ஒட்டுங்கள், அப்புறம் வேறு கட்டமைப்பில் வேண்டுமென்றால் 'ரீப்ரொஜெக்ட்' செய்யுங்கள், அதுதான் எண்களை மாற்றும்.

கேள்வி (சாவகச்சேரி): ஷேப்ஃபைலில் தமிழ் ஊர்ப்பெயர்கள் எல்லாம் கேள்விக்குறியாக வருகின்றன.

கேள்விக்குறியா, பிரெஞ்சு எழுத்துப் போலத் தலையில் கோடு போட்ட குறிகளா என்று வடிவாகப் பாருங்கள். இரண்டாவது என்றால் தரவுக்கு ஒன்றுமில்லை, லேயரின் சோர்ஸ் பக்கத்தில் என்கோடிங்கை (எழுத்துக் குறியீட்டு முறையை) யூடிஎஃப்-8 ஆக்கினால் பெயர்கள் திரும்பிவிடும். உண்மையான கேள்விக்குறி என்றால் யாரோ சேமித்தபோதே தமிழ் தொலைந்துவிட்டது, மூலக் கோப்பைத் தேடுவதுதான் வழி.

ஷேப்ஃபைலில் அட்டவணை நிரலின் தலைப்புக்குப் பத்து பைட்தான் இடம், யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். 'கிணறு' என்பதில் ஐந்து குறிகள் (க, ி, ண, ற, ு), அதற்கே பதினைந்து வேண்டும்! தமிழில் வேலை செய்கிறவர்கள் ஜியோபேக்கேஜ் என்ற ஒற்றைக் கோப்பு வடிவத்தில் சேமிப்பது நல்லது.

கேள்வி: வட்ஸ்அப்பில் ஷேப்ஃபைலின் எஸ்எச்பி கோப்பு மட்டும் வந்தது, திறக்கவில்லை.

அனுப்பியவரிடம் முழு ஃபோல்டரையும் ஸிப் பண்ணிக் கேளுங்கள். எஸ்எச்எக்ஸ் (சுட்டிக் கோப்பு) இல்லாவிட்டால், கியூஜிஐஎஸ் பாவிக்கும் ஜிடால் மென்பொருளில் 'ஷேப் ரீஸ்டோர் எஸ்எச்எக்ஸ்' என்ற அமைப்பை யெஸ் ஆக்கி மீண்டும் உருவாக்கலாம். டிபிஎஃப் (விபர அட்டவணை) இல்லாவிட்டால் உருவங்கள் மட்டும்தான் வரும். பெயர், விபரம் எதுவும் வராது.

கேள்வி (பருத்தித்துறை): ஜியோபேக்கேஜைப் பென் டிரைவில் கொப்பி பண்ணிக் கொண்டுபோனேன், கடைசியாகச் சேர்த்தவை காணோம்.

கியூஜிஐஎஸ் திறந்திருக்கும்போதே கொப்பி பண்ணியிருப்பீர்கள். பக்கத்தில் 'வால்' (-wal) என்று முடியும் இன்னொரு கோப்பு இருந்திருக்கும், புதிய திருத்தங்கள் அதற்குள் நிற்கும். கொப்பி பண்ணிய கணினியில் போய்ப் பாருங்கள், அநேகமாக அங்கே பத்திரமாக இருக்கும். இனிமேல் மூடிவிட்டுக் கொப்பி பண்ணுங்கள்.

கேள்வி (மானிப்பாய்): காணியின் பரப்பளவு 0.00000002 என்று வருகிறது. எனக்குப் 'பரப்பு' என்ற யாழ்ப்பாணக் காணி அளவில் வேண்டும்.

பாகையைப் பாகையால் பெருக்கிய விடை அது, ஐயா. ஃபீல்ட் கல்குலேட்டரில் வெறும் ஏரியாவுக்குப் பதில் டொலர் குறி போட்ட ஏரியாவைப் ($area) பாவியுங்கள், அது பூமியின் வளைவைக் கணக்கில் எடுக்கும். புரொஜெக்ட் புரொப்பர்ட்டீஸில் எலிப்சொய்டும் (பூமியின் உருவ மாதிரி) சதுர மீற்றரும் தெரிவாகியிருக்கட்டும். பதினாறு பரப்பு ஒரு ஏக்கர், ஆகவே வந்த விடையை 252.93ஆல் பிரித்தால் பரப்பு. ஆனால் செய்மதிப் படத்துக்கு மேல் மவுஸால் கீறிய எல்லையை நம்பி வேலிச் சண்டைக்குப் போய்விடாதீர்கள், அதற்கு நில அளவையாளரைத்தான் கூப்பிட வேண்டும்.