கோணிப்பையை இறக்கி வையுங்கள் தம்பி!

கேள்வி: வயது 19, ஐ.டி.ஐ. படிக்கிறேன். ஒன்றரை வருடமாக பாக்ஸிங் பழகுகிறேன். ஒரே மூச்சில் 60 புஷ்-அப் எடுப்பேன், கையும் நன்றாக ஏறியிருக்கிறது. ஆனால் ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) என் குத்து விழுந்தால் எதிரில் இருப்பவன் சிரிக்கிறான். என்னைவிட ஒல்லியான ஒரு பையன், 52 கிலோதான், அவன் குத்தினால் தொங்கும் பயிற்சி மூட்டையே மடங்குகிறது. நானும் மொட்டைமாடியில் கோணிப்பையில் கடல் மண் நிரப்பித் தொங்கவிட்டு தினமும் அடிக்கிறேன். வேறு என்ன செய்யலாம்?
— வாசகர், காசிமேடு

பதில்: முதலில் அந்தக் கோணிப்பையை இறக்கி வையுங்கள், மீதியை அப்புறம் பேசலாம். கடல் மண் ஈரம் வாங்கி அடியில் இறங்கி இறுகிவிடும், கொஞ்ச நாளில் நீங்கள் அடிப்பது மூட்டை இல்லை, கருங்கல். உங்கள் வயதில் நானும் இப்படித்தான், கையில் துணிகூடச் சுற்றாமல் அடித்து சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கும் எலும்பை உடைத்துக்கொண்டு, மாவுக்கட்டோடு ஆறு வாரம் வீட்டில் கிடந்தேன். இதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் பாக்ஸர் ஃபிராக்சர். பெயர்தான் அப்படி, பெரும்பாலும் கோபத்தில் சுவரைக் குத்துபவர்களுக்குத்தான் வருகிறது. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் தையல் கடைகளில் வெட்டுத்துணி கேட்டுப் பாருங்கள், அதை இறுக்கித் திணித்தால் போதும். உங்கள் எடையில் பாதி, 30 கிலோ அளவுக்கு இருக்கட்டும். கையில் நாலரை மீட்டர் ராப் (துணிப்பட்டை) சுற்றாமல் கிட்டே போகாதீர்கள்.

இப்போது அந்த 52 கிலோ விஷயம். விடியற்காலையில் மீன் ஏலம் நடக்கும்போது ஐஸ் கூடையைக் கை மாற்றி வீசுகிறார்களே, கொஞ்சம் நின்று கவனியுங்கள். கையால் வீசுபவர் ஒருவர்கூட இருக்கமாட்டார். பின்கால் தரையை அழுத்தும், இடுப்பு திரும்பும், தோள் இழுபட்டு வரும், கை கடைசியாகத்தான் வந்து சேரும். குத்தும் அதேதான். உங்கள் 60 புஷ்-அப் வளர்த்தது இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டும். வலது ஸ்ட்ரெய்ட் (வலது கையால் நேர்க்குத்து) ஒன்று விட்டுவிட்டு கையை இழுக்காமல் அப்படியே நின்று கீழே பாருங்கள். வலது குதிகால் இன்னும் தரையில் ஒட்டியிருந்தால், உங்கள் உடம்பு வீட்டிலேயே இருக்க கை மட்டும் சண்டைக்குப் போயிருக்கிறது. குதிகால் எழும்பி வெளிப்பக்கம் திரும்பி, முழங்காலும் தொப்புளும் எதிராளியைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, நீங்கள் ஆரம்பத்திலிருந்தே கையை முறுக்கிப் பிடிக்கிறீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன். கை பருத்தவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு. நீட்டும் தசையும் மடக்கும் தசையும் ஒரே நேரத்தில் இறுகினால் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வண்டியை முறுக்கும் கதைதான். கை தளர்ந்து போகட்டும், படுகிற அந்த நொடியில் மட்டும் முஷ்டி இறுகட்டும், ஆள்காட்டி விரல், நடுவிரல் கணு முட்டிகள் படட்டும். பள்ளிக்கூடக் கணக்குதான்: எடை இரண்டு மடங்கானால் ஆற்றல் இரண்டு மடங்கு, வேகம் இரண்டு மடங்கானால் நாலு மடங்கு. அந்த ஒல்லிப் பையனின் ரகசியம் பாதி இதில் இருக்கிறது.

மூட்டை ஊஞ்சல் மாதிரி ஆடினால் சந்தோஷப்படாதீர்கள், அது தள்ளியது. நல்ல குத்துக்கு மூட்டை இருந்த இடத்திலேயே மடங்கித் துள்ளும். எங்கள் வாத்தியார் முதுகைக் காட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, 'தொம்' என்று கேட்டால் "தள்றான்" என்பார், 'டப்' என்று கேட்டால் ஒன்றும் சொல்லமாட்டார். அவரிடம் பாராட்டு என்றால் அந்த மௌனம்தான்.

உடற்பயிற்சிக்கு ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) போடுங்கள். மூலக்கடை பக்கம் பஞ்சர் கடையில் பழைய லாரி டயர் கிடைத்தால் சம்மட்டியால் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி அடிக்கலாம். அந்தக் கடல் மண்ணும் வீணாகாது: காய வைத்து, பழைய பாஸ்கெட்பாலைக் கீறி மூன்று கிலோ அளவுக்குப் போட்டு ஒட்டிவிட்டால் மெடிசின் பால், அதாவது எறிந்து பழகும் கனமான பந்து, ரெடி. சுவருக்குப் பக்கவாட்டில் நின்று, இடுப்பைத் திருப்பி, இருக்கிற வேகம் முழுவதையும் போட்டு எறியுங்கள். பக்கத்துக்கு ஐந்து, நாலு செட், நடுவில் நன்றாக மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு நாள் போதும். களைத்த பிறகு எறிந்தால் மெதுவாக எறியத்தான் பழகுவீர்கள்.

கேள்வி: கையில் இரண்டு கிலோ டம்பெல் பிடித்து ஷேடோ (எதிராளி இல்லாமல் காற்றில் குத்திப் பழகுவது) செய்தால் குத்து பலமாகுமா?
— வாசகர், வியாசர்பாடி

பதில்: ஆகாது. டம்பெல் கையைக் கீழே இழுக்கிறது, நீங்கள் குத்துவது முன்னால். தோள் எரியும், அதைப் பலம் என்று நம்பிவிடுவோம். வெறுங்கையில் வேகமாகச் செய்யுங்கள்.

கேள்வி: கராத்தே பழகும் பெண் நான். புரூஸ் லீயின் ஒரு அங்குலக் குத்து நிஜமா, சினிமாவா?
— வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: நிஜம்தான் தங்கச்சி. 1964-இல் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் கராத்தே போட்டி மேடையில் எல்லோர் முன்னாலும் செய்து காட்டினார். ஆனால் அதை வீடியோவில் பார்க்கும்போது எல்லோரும் முஷ்டியையே பார்க்கிறார்கள். அடுத்த முறை முஷ்டியைக் கையால் மறைத்துக்கொண்டு அவர் முழங்காலையும் இடுப்பையும் மட்டும் பாருங்கள்.