டெக் போட 4 அடிக் குழி எதுக்கு?

குடியாத்தத்துலருந்து கனடா வந்து, டொராண்டோ பக்கத்துல பிராம்ப்டன்ல வீடு வாங்கியிருக்கிற தம்பி கேட்டிருந்தார்: "பின்பக்கம் மரத்துல சின்னதா டெக் (கால் மேல நிக்கற திறந்த மரத்தளம்) போடணும். ஒவ்வொரு காலுக்கும் 4 அடி குழி எடுத்து கான்கிரீட் போடணும்னு கான்ட்ராக்டர் சொல்றார். ஊர்ல வீட்டுக்கே 3 அடி கடக்கால் போட்டோம். காசு புடுங்கப் பாக்கறாராண்ணா?"

இல்ல தம்பி, அவர் சொல்றது நியாயம். நான் காட்பாடிக்காரன். நம்ம பக்கம் நொரம்போ பாறையோ தட்டுச்சுன்னா மேஸ்திரி அதோட நிறுத்திடுவார். மண்ணு பாரத்தைத் தாங்குனா போதும். இங்க அதே மண்ணு கட்டடத்தை மேல தூக்கும், அதையும் பாக்கணும்.

தண்ணி உறைஞ்சா சுமார் 9 சதவீதம் பெருக்கும். ஆனா அது மட்டும் இவ்ளோ தூக்காது. குளிர் கீழ இறங்க இறங்க, உறையற இடம் அடிமண்ணு ஈரத்தை விளக்குத் திரி எண்ணெய இழுக்கற மாதிரி இழுத்துக்கிட்டே இருக்கும். அந்த ஈரம் தகடு தகடா பனிக்கட்டியாகி மண்ணைக் கிளப்பும். வண்டல்ல இது ரொம்ப மோசம். பாலாத்து மணல் மாதிரி பருமணல்னா அவ்வளவா தூக்காது.

பக்கத்து வீட்ல 2 அடிதான் தோண்டுனாங்க. மார்ச்ல டெக்கோட வெளி ஓரம் எழும்பி, வெளிப்பக்கம் திறக்கற கதவு பலகையில இடிச்சு நின்னுடுச்சு. பனி உருகுனதும் கால்கள் பழைய இடத்துக்கு இறங்கல. ஒண்ணு சாஞ்சிருந்துச்சு, ஒண்ணு தொங்குச்சு. பாக்கவே சங்கடமா இருந்துச்சு.

அதனால குளிர்காலத்துல மண்ணு உறையற ஆழம் வரைக்கும் கால் இறங்கணும். டொராண்டோ சுத்துவட்டாரத்துல அந்த ஆழம் 4 அடின்னு வெச்சுத்தான் கட்டறாங்க. வின்னிபெக் பக்கம் 6 அடிக்கும் போகும். உங்க வீட்டுக்கு பேஸ்மென்ட் (தரைக்குக் கீழ இருக்கற தளம்) இருக்கு, ஹீட்டர் சூடு சுத்தி இருக்கற மண்ணைக் காப்பாத்துது. டெக் காலுக்கு அந்தச் சூடு கிடையாது, அதனால வீட்டை வெச்சு கணக்கு போடாதீங்க.

ஆழம் மட்டும் பாத்தா பத்தாது. உறைஞ்ச மண்ணு காலோட பக்கத்துல ஒட்டிக்கிட்டும் மேல இழுக்கும். சொரசொரன்னு குழியில நேரா கான்கிரீட் ஊத்த விடாதீங்க. வழவழன்னு அட்டைக் குழாய் வெச்சு ஊத்தச் சொல்லுங்க, அடிப்பக்கம் அகலமா இருக்கணும். கூரைத் தண்ணி எறங்கற குழாயை அந்தப் பக்கம் விடாதீங்க. ஈரம் இல்லாம மண்ணு தூக்காது.

தோண்டறதுக்கு முன்னாடி, மண்ணுக்கடியில போற லைன்களைக் குறிக்க ஏற்பாடு பண்ற 'ஒன்டாரியோ ஒன் கால்' (Ontario One Call) அமைப்புக்குச் சொல்லணும், அது சட்டம். கேஸ், கரண்ட் லைன் எங்க போகுதுன்னு காசு வாங்காம குறிச்சுக் கொடுப்பாங்க. நவம்பருக்குள்ள கான்கிரீட் வேலையை முடிச்சுடுங்க தம்பி.