எம்ஜிபி வாங்கப் போகிறீர்களா? சட்டைப் பையில் ஒரு காந்தம் இருக்கட்டும்

லண்டன் ஹாரோவில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியவர் காலமாகிவிட்டார். அவருடைய 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர், அதாவது பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், 2006 முதல் கராஜிலேயே நிற்கிறது. அவர் மனைவி, அந்த அம்மா, 2,500 பவுண்டுக்குத் தருவதாகச் சொல்கிறார். கையால் சுற்றினால் எஞ்சின் சுற்றுகிறது, பெயின்ட் பார்க்க மோசமில்லை, கதவுக்குக் கீழே கொஞ்சம் கொப்பளித்திருக்கிறது. இவரிடம் இருப்பது ஒரு கார் நிற்கிற கராஜ், சனி ஞாயிறு, ஓரளவு ஸ்பேனர் பழக்கம். வெல்டிங் தெரியாது. வாங்கலாமா, எஞ்சினில் இருந்து தொடங்கலாமா, மொத்தமாகக் கழற்றிச் செய்வதுதான் முறையா, எம்ஓடி (வருடாந்திர வண்டிப் பரிசோதனை), யூலெஸ் (லண்டனில் புகை அதிகம் விடும் வண்டிக்கு வாங்கும் கட்டணம்) தொல்லையெல்லாம் எப்படி என்பது கேள்வி.

எஞ்சினை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். எம்ஜிபி வாங்குகிறவர்களில் பாதிப் பேர் பானெட்டைத் திறந்து, சாவியைத் திருப்பி, சத்தம் கேட்டு மயங்கிப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள், அப்புறம்தான் படுத்துக் கீழே பார்க்கிறார்கள். அந்த எஞ்சினுக்கு எந்த வியாதி வந்தாலும் மருந்து இருக்கிறது. 1798 சிசி, நாலு சிலிண்டர், பிஎம்சியின் பி-சீரிஸ் குடும்பம். நம்மூர் அம்பாசடரில் வருஷக்கணக்காக ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் இதே குடும்பம்தான், இது அதற்கு அண்ணன். அம்பாசடரின் ஹெட்டை மரத்தடியில் இறக்கி ஏற்றிய மெக்கானிக் யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால் இந்த பானெட்டுக்குள் அவருக்கு ஒன்றுமே புதிதாக இருக்காது. பிஸ்டன், பேரிங், கேஸ்கட், கார்பரேட்டர் ஊசி வரைக்கும் இன்றைக்கும் புதிதாகவே கிடைக்கிறது. 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் தொழிற்சாலையில் 5 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அந்த எண்ணிக்கைதான் இதை ஏழைக்கேற்ற ஸ்போர்ட்ஸ் கார் ஆக்கியது.

பணத்தை விழுங்குவது தகரம். இதற்கு முந்தைய எம்ஜிஏ-வில் தனி சேசிஸ் இருந்தது, மேலே உடம்பு துருப்பிடித்தாலும் கீழே எலும்புக்கூடு நிற்கும். எம்ஜிபியில் அது கிடையாது. உடம்பேதான் சேசிஸ். அதுவும் ரோட்ஸ்டருக்குத் தலைக்கு மேல் கூரை இல்லை, முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்திருப்பதில் பெரும்பங்கு கதவுக்குக் கீழே ஓடுகிற சில்லுக்குத்தான். நீங்கள் “கொஞ்சம் கொப்பளித்திருக்கிறது” என்று எழுதியிருக்கிறீர்களே, அதே இடம். வெளியே தெரிகிற சில் ஒரு முகமூடி மட்டும். உள்ளே செங்குத்தாக ஒரு தகரம், அதற்கும் உள்ளே இன்னொரு சில், அடியில் காஸில் ரெயில் என்று ஒன்று, குறுக்கே வெட்டிப் பார்த்தால் கோட்டை மதில் மாதிரி மடிந்திருக்கும். முன் சக்கரம் வாரி அடிக்கிற சேறு மட்கார்டுக்குப் பின்னால் போய்த் தேங்கி, ஈரம் காயாமல், இந்தப் பெட்டியை உள்ளிருந்து தின்னும். ஆக, வெளியே ஒரு ரூபாய் நாணயம் அளவு கொப்புளம் தெரிகிறது என்றால் உள்ளே ஒரு தோசைக்கல் அளவுக்குப் போயிருக்கலாம் என்று வைத்துக்கொண்டு பாருங்கள்.

சரி, எப்படிப் பார்ப்பது? ஃபிரிட்ஜில் ஒட்டுகிற சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். சில்லின் கீழ் விளிம்பு, பின் சக்கர வளைவு, முன் மட்கார்டின் கீழ்ப்பகுதி என்று மெதுவாக இழுத்துக்கொண்டே போங்கள். தகரம் இருக்கிற இடத்தில் கையை இழுக்கும், பட்டி போட்டு மறைத்த இடத்தில் வழுக்கிக்கொண்டு போகும். என் முதல் எம்ஜிபி ஒரு ஜிடி (கூரை உள்ள வகை), செர்ரிப்பழச் சிவப்பு, எஞ்சினைத் துடைத்துக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தார் விற்றவர். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் இந்தக் காந்தப் புத்தி வந்தது. இடது சில்லில் ஒரு முழ நீளத்துக்குக் காந்தம் ஒட்டவே இல்லை. ஸ்க்ரூடிரைவரால் லேசாக அழுத்தினேன், கைப்பிடி வரை உள்ளே போனது. வெளியே இழுத்தால் பட்டித் துண்டோடு கசங்கிய செய்தித்தாளும் வந்தது. கால்பந்து ஸ்கோர் கூடத் தெளிவாகப் படிக்க முடிந்தது!

அடுத்தது, ஜாக்கிச் சோதனை. கதவை மூடி, கதவுக்கும் உடம்புக்கும் நடுவில் உள்ள இடைவெளியை முன்னும் பின்னும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு சில்லின் ஜாக்கி மாட்டும் இடத்தில் மெதுவாகத் தூக்குங்கள் (கீழே தலையைக் கொடுக்காமல்). இடைவெளி மாறினாலோ, தூக்கிய நிலையில் கதவு திறந்து மூட அடம் பிடித்தாலோ, உடம்பு நடுவில் மடிகிறது என்று அர்த்தம். ஜாக்கியே உள்ளே புதைந்தால் சோதனை அத்தோடு முடிந்தது. கார்பெட்டைத் தூக்கித் தரைத் தகட்டின் ஓரங்களைப் பாருங்கள், சீட்டுக்குப் பின்னால் இருக்கிற மூடியைத் திறந்து பேட்டரிப் பெட்டிகளைப் பாருங்கள் (உங்கள் வருஷ மாடலில் ஆறு வோல்ட் பேட்டரி இரண்டு இருக்கும், அமிலம் சிந்திப் பெட்டி அடி விட்டிருப்பது சகஜம்), பின் ஸ்பிரிங் பட்டை மாட்டுகிற இடத்தைப் பாருங்கள். கதவுத் தகட்டில் கண்ணாடிச் சட்டத்துக்குக் கீழே ஒரு விரல் நீளம் விரிசல் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம், முக்கால்வாசி எம்ஜிபிக்கும் அந்தத் தழும்பு உண்டு.

ஒரு பக்கச் சில்லும் தரையின் ஓரமும் மட்டும் போயிருந்தால், சொன்ன விலைக்கு வாங்குங்கள். இரண்டு பக்கமும் போய், காஸில் ரெயிலும் போய், ஸ்பிரிங் மாட்டுகிற இடமும் போயிருந்தால், அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வாருங்கள். ஏனென்றால் எம்ஜிபியில் கணக்கு எப்போதும் ஒரே மாதிரிதான் முடியும்: கடையில் கொடுத்து முழுசாகப் புதுப்பிக்க ஆகிற செலவு, முடிந்த பிறகு கார் போகிற விலையைவிட அதிகம். வேறொருவர் அந்த நஷ்டத்தைப் பட்டு முடித்த காரை வாங்குவது எப்போதும் மலிவு. லாபத்துக்காகச் செய்கிற வேலை இல்லை இது. கராஜில் கழியும் சனிக்கிழமைகளுக்கு நீங்கள் கொடுக்கிற கட்டணம் என்று எடுத்துக்கொண்டால்தான் மனசு கேட்கும். உடம்பு மொத்தமும் போயிருந்தாலும் வழி இல்லாமல் இல்லை, விட்னியில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் பழைய அச்சுகளை வைத்தே 1988-இல் இருந்து முழு உடம்பையே புதிதாகச் செய்து விற்கிறது. ஆனால் அது பத்தாயிரம் பவுண்டுக்கு மேல் போகிற சங்கதி, உங்கள் 2,500 பவுண்டுக் கதையில் அதற்கு இடமில்லை.

மொத்தமாகக் கழற்றலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம், வேண்டவே வேண்டாம். ஒரு கார் நிற்கிற கராஜில் முழுசாகக் கழற்றினால் கார் மூன்று காரின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், நாலாவது மாதம் எந்த போல்ட்டு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாது, குளிர் வரும், பிள்ளைகளுக்குப் பரீட்சை வரும், கடைசியில் “முடியாத புராஜெக்ட், எல்லா பாகமும் இருக்கிறது” என்று விளம்பரம் கொடுப்பீர்கள். அந்த விளம்பரங்களில் எல்லா பாகமும் இருந்ததாக நான் பார்த்ததே இல்லை. கார் தன் சக்கரத்தில் நிற்கட்டும். ஒரு நேரத்தில் ஒரு மூலையை மட்டும் கழற்றி, செய்து, பூட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பெயின்ட் கடைசி. முதல் கோடையில் நிறம் மாறி மாறி அசிங்கமாக ஓடினாலும் பரவாயில்லை, ஓட்ட ஆரம்பித்துவிட்டால் கை விட மனசு வராது.

சில் வேலையை நீங்களே செய்வதென்றால் முதலில் ஏதாவது கல்லூரியில் மாலை நேர வெல்டிங் வகுப்பில் சேர்ந்து, மிக் வெல்டரில் பழைய தகரத்தை ஓட்டை போட்டுப் போட்டுக் கை பழகுங்கள். அப்புறம் முக்கியமான ஒன்று. பழைய சில்லை வெட்டுவதற்கு முன்னால் கதவுத் திறப்பின் குறுக்கே, முன் தூணுக்கும் பின் தூணுக்கும் நடுவில், இரும்புச் சட்டம் வைத்து இறுக்க வேண்டும். காரின் எடை சரியான இடங்களில் தாங்கியிருக்க வேண்டும். ஒரு பக்கம் முழுசாக முடிந்த பிறகுதான் அடுத்த பக்கத்தைத் தொட வேண்டும். இதில் நான் பட்ட பாடு: சட்டம் வைத்தேன், ஆனால் கதவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெல்டு செய்தேன். முடித்துவிட்டுக் கதவை மாட்டினால் மேலே ஆறு மில்லிமீட்டர் இடைவெளி, கீழே கதவு தூணில் இடிக்கிறது. வெட்டி எடுத்து மறுபடியும் முதலில் இருந்து. புதுச் சில்லை க்ளாம்பில் பிடித்து, கதவை மாட்டி மூடிப் பார்த்து, இடைவெளி சரியாக வந்த பிறகே பொட்டு வைக்க, அதாவது புள்ளி புள்ளியாக வெல்டு செய்ய, தொடங்குங்கள். முடிந்ததும் பெட்டிக்குள் மெழுகு மருந்து அடிக்க மறக்காதீர்கள், உள்ளிருந்துதான் அடுத்த துருவும் கிளம்பும். வெல்டிங்கே சரிப்படாது என்று தோன்றினால் அந்த ஒரு வேலையை மட்டும் வெளியே கொடுங்கள், ஆனால் புதுச் சில்லைப் பழையதன் மேலேயே ஒட்டித் தருகிறேன் என்கிறவரிடம் கொடுக்காதீர்கள்.

இனி எஞ்சின். ரொம்ப நாள் தூங்கியதை அடித்து எழுப்பக் கூடாது. பிளக் நான்கையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊறவிடுங்கள். பழைய எண்ணெயை இறக்கி 20W50 ஊற்றி, ஃபில்டர் மாற்றி, பிளக் இல்லாமலே செல்ஃப் அடித்து, டாஷ்போர்டில் ஆயில் பிரஷர் முள் எழும்புகிற வரை சுற்றவிடுங்கள். டேங்க்கில் இருக்கிற பழைய பெட்ரோலைத் தொடவே வேண்டாம், ஒரு கேனில் இருந்து குழாய் போட்டுக் கொடுங்கள். டேங்க்கை இறக்கிப் பார்க்கும்போது அதன் மேல் பக்கத்தைப் பாருங்கள், டிக்கித் தரைக்கும் அதற்கும் நடுவில் மண் சேர்ந்து அங்கேதான் ஓட்டை விழும். வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் 15 தவ் (தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.38 மிமீ. எதை எப்போது பார்ப்பது என்பதற்கு ஒன்பது கணக்கு: ஒன்றாவது வால்வு முழுசாக அழுந்தியிருந்தால் எட்டாவதைச் சரிசெய், மூன்று அழுந்தினால் ஆறு, இப்படிக் கூட்டினால் ஒன்பது வர வேண்டும். ஓடி நன்றாகச் சூடான பிறகு வேகத்தில் 50 பிஎஸ்ஐக்கு மேல் பிரஷர் நின்றால் எஞ்சினின் கீழ்ப்பாதி நலமாக இருக்கிறது, அதைப் பிரிக்காதீர்கள். கிளட்ச் தகடு ஃப்ளைவீலோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும் வாய்ப்பு அதிகம். பெடலை அழுத்தி மரக்கட்டை வைத்து ராத்திரி முழுக்க விட்டுப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் எஞ்சினைத் தூக்க வேண்டியதுதான், இந்தக் காரில் கிளட்சுக்கு வேறு வழி இல்லை.

பிரேக்கில் மட்டும் சிக்கனம் கூடாது. இத்தனை வருஷம் நின்ற காரில் ரப்பர் என்று இருக்கிற எதையும் நம்பாதீர்கள், ஹோஸ், சிலிண்டர் சீல், எல்லாமே புதிது. குழாய்களைச் செம்பு-நிக்கலில் போட்டுவிட்டால் துருப் பயம் விட்டது. முன் சஸ்பென்ஷனில் கிங்பின் (முன் சக்கரம் திரும்புகிற அச்சு) இருக்கிறது, 3,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் கேட்கும், கேட்டதைக் கொடுக்காத ஓனர்தான் பெரும்பாலும் நமக்கு முந்தைய ஓனர். முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தெரிந்துவிடும்.

பெட்ரோல் போடும்போது கவனம். 2021 செப்டம்பர் முதல் இங்கே சாதாரண 95 பெட்ரோல் என்பது இ10, அதில் இருக்கிற எத்தனால் பழைய ரப்பர் குழாயைக் கரைக்கும். குழாய்களை எத்தனால் தாங்குகிற ஆர்9 தரத்தில் மாற்றிவிட்டு, சூப்பர் என்று விற்கிற, எத்தனால் குறைந்த இ5 போடுங்கள். ஹெட்டை எப்போதாவது இறக்கினால், ஈயமில்லாப் பெட்ரோலுக்கான கடினமான வால்வு சீட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், விரிசல் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்காகவே இறக்க வேண்டியதில்லை.

காகித வேலை உங்களுக்குச் சாதகம்தான். 40 வயது தாண்டிய காரை ஹிஸ்டாரிக் வகுப்புக்கு மாற்றினால் ரோட் டாக்ஸ் பூஜ்யம், அந்த வகுப்பில் இருந்தால் யூலெஸ் கட்டணமும் இல்லை. பெரிய மாற்றம் எதுவும் செய்யாதவரை எம்ஓடியும் கட்டாயமில்லை. ஆனாலும் வெல்டிங் முடிந்த காரை ஒருமுறை எம்ஓடிக்குக் கொண்டுபோங்கள், வேறொரு கண் அடியில் பார்ப்பது நல்லது. பணம் கொடுக்கும் முன் வி5சி (வண்டியின் பதிவுப் புத்தகம்) அந்த வீட்டில் இருக்கிறதா, அதில் இருக்கிற எண்ணும் காரில் இருக்கிற எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்.

இன்னும் ஒன்று, கியர்பாக்ஸில் ஓவர்டிரைவ் (வேகத்தில் எஞ்சினை மெதுவாகச் சுற்றவிடும் கூடுதல் கியர்) இருக்கிறதா என்று கேளுங்கள். 1972-இல் அது கூடுதல் காசுக்குக் கிடைத்த சாமான், இருந்தால் மோட்டார்வேயில் காது தப்பிக்கும், விலையிலும் பேரம் பேசாதீர்கள். சனிக்கிழமை போகும்போது காந்தம், டார்ச், படுக்க ஒரு அட்டை எடுத்துக்கொண்டு போங்கள். ஸ்க்ரூடிரைவரால் குத்துவதற்கு முன்னால் அந்த அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அவருக்கு அது இன்னும் வீட்டுக்காரரின் கார். இரண்டு காஸில் ரெயிலையும் அடியில் இருந்து படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.