கார் ஏற்கெனவே பாஸ்தான், கடைக்காரர்தான் ஃபெயில் ஆக்குகிறார்

கேள்வி: டல்லாஸ் பக்கம் வசிக்கிறேன். 2016 மஸ்டாங் ஜிடி, கியர் வண்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். முந்தைய சொந்தக்காரர் பேட்டரியை டிக்கிக்கு மாற்றி, பின்னால் டிராக் ரேடியல் டயர் (நேர்கோட்டுப் பந்தயத்துக்கான அதிகப் பிடிப்புள்ள டயர்) போட்டிருக்கிறார். இன்ஜினில் கைவைக்கவில்லை. எனிஸில் இருக்கும் டெக்சஸ் மோட்டார்பிளெக்ஸ் என்ற நேர்கோட்டுப் பந்தயப் பாதையில் ஒருமுறையாவது கால் மைல் ஓட்டிப் பார்க்க ஆசை. அங்கே பாதுகாப்புச் சோதனையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஒரு கடைக்காரர் சொல்கிறார். ரோல் பார் (கார் உருண்டால் காக்கும் எஃகுக் குழாய் வளைவு), ஐந்து பாயிண்ட் ஹார்னஸ் (பந்தய பெல்ட்), ரேஸ் சீட், கழற்றும் ஸ்டியரிங் எல்லாம் சேர்த்துப் பெரிய தொகை கேட்கிறார். உண்மையிலேயே இதெல்லாம் வேண்டுமா?

பதில்: வேண்டாம். உங்கள் கார் சோதனையில் தோற்குமானால் டிக்கியில் இருக்கும் பேட்டரியால்தான் தோற்கும். கடைக்காரர் கொடுத்த பட்டியலில் அதைச் சரிசெய்ய ஒரு வரிகூட இல்லை, பார்த்தீர்களா?

முதலில் அடிப்படை. அமெரிக்க டிராக் ஸ்ட்ரிப்களில், அதாவது நேர்கோட்டுப் பந்தயப் பாதைகளில், பெரும்பாலானவை என்.எச்.ஆர்.ஏ. என்ற பந்தயச் சங்கத்தின் விதிப்புத்தகத்தைத்தான் பின்பற்றுகின்றன. அந்தப் புத்தகம் பார்ப்பது காரின் விலையையோ குதிரைசக்தியையோ அல்ல. கால் மைலை, அதாவது 402 மீட்டரை, எத்தனை விநாடியில் கடக்கிறீர்கள் என்பதைத்தான் பார்க்கிறது. இதை இ.டி. என்பார்கள். இ.டி. குறையக் குறையப் பாதுகாப்புச் சாமான்கள் கூடும். 13.99 விநாடி அல்லது அதைவிட வேகம் என்றால் ஹெல்மெட் கட்டாயம். 11.49 என்றால் ரோல் பார், ஹார்னஸ், ஜாக்கெட் எல்லாம் வரிசையாக வரும். 9.99 என்றால் முழு ரோல் கேஜ், அதாவது உள்ளறையைச் சுற்றிய எஃகுக் கூண்டு.

இன்ஜினில் கைவைக்காத 2016 ஜிடி, ஓட்டுபவரின் கையைப் பொறுத்து, 13 விநாடிக்குச் சற்று முன்னே பின்னே ஓடும். முதல் முறை ஓட்டுபவர் 13.5-இல் முடித்தாலே நல்ல ஓட்டம். 11.49 எங்கே, நீங்கள் எங்கே! அந்த இடைவெளியில்தான் கடைக்காரர் தன் பில்லை நுழைக்கிறார்.

இதில் எனக்கு எரிச்சல் தருவது ஒன்று உண்டு. எந்த விதி பொருந்தும் என்பது இ.டி.யைப் பொறுத்தது, இ.டி.யோ ஓடி முடித்த பிறகுதான் தெரியும். புதிதாக வருபவர் எதை வைத்துத் தயாராவது? விதிப்புத்தகமோ வக்கீல் நோட்டீஸ் மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. தெருக் கார் வைத்திருப்பவருக்கு வேண்டியதை ஒரே பக்கத்தில் போட்டு நுழைவாயிலில் ஒட்டினால் பாதிக் கடைகளின் வியாபாரம் படுத்துவிடும். அதைச் செய்ய ஆள் இல்லை. நடைமுறையில் என்ன நடக்கும் என்றால், உங்கள் காரைப் பார்த்து ஒரு மதிப்பீட்டில் உள்ளே விடுவார்கள். எல்லையைத் தாண்டி வேகமாக ஓடிவிட்டால் எச்சரிப்பார்கள், மீறினால் அன்றைக்கு வீட்டுக்குப் போகச் சொல்வார்கள்.

சரி, உங்கள் கடைக்காரர் சொல்லாமல் விட்ட ஒரு விலக்கு இருக்கிறது. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பின்னால் நீங்கள் இன்ஜின் சக்தியைக் கூட்டும் சூப்பர்சார்ஜர் போடும் யோசனைக்குப் போனால்கூட இது முக்கியம்.

2008-லிருந்து 2013 வரையிலான கார்கள், நிறுவனம் கொடுத்த உடலமைப்பும் பாதுகாப்புச் சாதனங்களும் மாறாமல் இருந்தால், ரோல் பார் இல்லாமலே 10.00 விநாடி, மணிக்கு 135 மைல் வரை ஓடலாம். 2014-க்குப் பிந்தைய கார்களுக்கு இந்த எல்லை இன்னும் தாராளம்: 9.00 விநாடி, 150 மைல். பத்துக்குக் கீழே போனால் மட்டும் போட்டி லைசென்ஸ் வேண்டும். உங்கள் கார் 2016. ஏர்பேக், ஏ.பி.எஸ்., கம்பெனி சீட் பெல்ட் எல்லாம் அப்படியே வேலை செய்யும் வரை இந்த விலக்கு உங்களுடையது. ஹெல்மெட்டுக்கு மட்டும் இந்த விலக்கு கிடையாது.

இந்த விலக்கு சும்மா வந்துவிடவில்லை. 2018 டாட்ஜ் டீமன் 9.65 விநாடியில் ஓடியபோது, ரோல் கேஜ் இல்லாததால் ஓடக்கூடாது என்று என்.எச்.ஆர்.ஏ. கடிதம் கொடுத்தது. டாட்ஜ் அந்தத் தடையையே விளம்பரமாக்கிக் கொண்டது. ஷோரூமிலிருந்து வரும் கார்களே இந்த வேகத்தில் ஓட ஆரம்பித்ததும் விதி இறங்கி வந்தது. ஆனாலும் 2023-இல் டீமன் 170 என்று 8.91-இல் ஓடுவதை டாட்ஜ் கொண்டுவந்தது, அது மறுபடி எல்லைக்கு வெளியே போய்விட்டது. இந்தத் துரத்தல் முடியாது.

இப்போது கடைக்காரரின் பட்டியலை மறுபடி பாருங்கள். ரேஸ் சீட் போட்டால் சீட்டில் உள்ள பக்கவாட்டு ஏர்பேக் போச்சு. கழற்றும் ஸ்டியரிங் போட்டால் முன் ஏர்பேக் போச்சு. இரண்டும் போனால் அந்த விலக்கும் போச்சு. அதாவது, இன்று கார் தகுதியோடு இருக்கிறது. நீங்கள் காசு கொடுத்து அதைத் தகுதியில்லாததாக்கி, பிறகு அந்தக் குறையைத் தீர்க்க இன்னும் காசு கொடுக்கப் போகிறீர்கள். இதை அறியாமல் செய்யும் கடைகள் சில. தெரிந்தே செய்பவர்கள்தான் அதிகம்.

ரோல் பாரில் இன்னொரு ஆபத்து, ஒருவரும் வாய் திறப்பதில்லை. ட்ராக்கில் தலையில் ஹெல்மெட் இருக்கும். திங்கட்கிழமை அலுவலகம் போகும்போது இருக்காது. பின்னாலிருந்து யாராவது இடித்தால் உங்கள் வெறும் தலைக்குப் பின்னால் இருப்பது எஃகுக் குழாய். தினமும் ஓட்டும் காரில் தேவையில்லாத ரோல் பார் பாதுகாப்பு இல்லை, ஆபத்து. ரோல் பார் இல்லாமல் ஹார்னஸ் மட்டும் போட்டு, தோள்பட்டைப் பட்டைகளைத் தரையில் மாட்டிவிடும் கடைகளும் உண்டு. மோதலில் அந்தப் பட்டை தோளைக் கீழே இழுக்கும், முதுகெலும்பு நசுங்கும். கம்பெனி பெல்ட்டே உங்களுக்குப் போதும்.

ஹெல்மெட் வாங்கும்போது உள்ளே துணியைத் தூக்கி, ஹெல்மெட் தரத்தைச் சோதிக்கும் ஸ்னெல் அமைப்பின் ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் டி.ஓ.டி. முத்திரை மட்டும் இருந்தால் போதாது. உங்கள் வேகத்துக்கு மோட்டார் சைக்கிள் வகையான எம் ரகமே செல்லும். காருக்கான எஸ்.ஏ. ரகத்தில் உள்துணி தீயைத் தாங்கும், கையில் காசு இருந்தால் அதுவே நல்லது. பழைய ஆண்டு முத்திரைகள் காலப்போக்கில் செல்லாமல் போகும் என்பதால் செகண்ட் ஹேண்ட் ஹெல்மெட் பக்கமே போகாதீர்கள். இணையத்தில் பாதி விலைக்கு வரும் ஹெல்மெட், எஸ்.எஃப்.ஐ. (பந்தயச் சாமான்களுக்குத் தரம் வகுக்கும் அமைப்பு) லேபிள் தைத்த ஹார்னஸ் எல்லாம் சந்தேகத்துக்குரியவை. லேபிளையே போலியாகத் தைத்து விற்கிறார்கள். ட்ராக் வாசலில் அது பிடிபட்டால் பணம் போனதோடு சரி. பிடிபடாமல் போனால் உயிருக்கே ஆபத்து.

அப்புறம் பேட்டரி. இதுதான் உங்கள் உண்மையான வேலை. டிக்கியில் பேட்டரி இருந்தால், காரின் பின்புறம் வெளியிலிருந்து எட்டும் இடத்தில் மெயின் ஸ்விட்ச் ஒன்று வேண்டும். அணைக்கும் நிலை எது என்று அதன் மேல் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். பேட்டரியைக் குறைந்தது இரண்டு 3/8 அங்குல போல்ட்டால் பிடித்திருக்க வேண்டும். கொக்கி வைத்த ரப்பர் கயிற்றில் கட்டிக்கொண்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மஸ்டாங்கில் பின்சீட்டு மடங்குவதால் டிக்கிக்கும் உள்ளறைக்கும் நடுவே சுவர் கிடையாது. அதனால் வெளியே காற்றுப்போக்கி வைத்த, மூடிய பேட்டரிப் பெட்டியும் தேவைப்படும்.

பலர் தோற்பது ஸ்விட்சில்தான். சோதிப்பவர் இன்ஜினை ஓடவிட்டு, பின்னால் போய் ஸ்விட்சை அணைப்பார். இன்ஜின் நிற்க வேண்டும். பேட்டரியை மட்டும் துண்டித்தால் பெரும்பாலும் நிற்காது, ஆல்டர்நேட்டரே கரண்ட் கொடுத்து இன்ஜினை ஓட்டிக்கொண்டிருக்கும். விபத்தில் பெட்ரோல் பம்ப் நிற்காமல் ஓடினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள், அதற்காகத்தான் இந்த விதி. ஆல்டர்நேட்டர் வயரை ஸ்விட்சின் பேட்டரிப் பக்கத்துக்குக் கொண்டுபோய் ஃபியூஸோடு இணைத்தால் இது தீரும். ஆனால் என்னைக் கேட்டால், பேட்டரியைக் கம்பெனி வைத்த இடத்துக்கே திருப்பிவிடுங்கள். ஸ்விட்ச், பெட்டி, போல்ட் என்ற மூன்று தலைவலியும் ஒரே மதியத்தில் ஒழியும். உங்கள் வேகத்துக்கு அது டிக்கியில் இருந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

டயர் விஷயத்தில் ட்ராக்குக்கு ஒரு போன் போடுங்கள். தெரு டயரில் 11.49-க்கு மெதுவாக ஓடும் காருக்கு டிரைவ்ஷாஃப்ட் வளையம் (இன்ஜின் சக்தியைப் பின்னால் கொண்டுபோகும் தண்டு உடைந்தால் தாங்கும் வளையம்) தேவையில்லை. கோடுகளே இல்லாத வழவழ ஸ்லிக் டயர் என்றால் 13.99-லிருந்தே தேவை. டிராக் ரேடியலைத் தெரு டயர் என்பவரும் உண்டு, ஸ்லிக் மாதிரிதான் என்பவரும் உண்டு. ஒரே புத்தகம், ஆளுக்கொரு தீர்ப்பு! சந்தேகம் என்றால் வளையத்தை மாட்டிவிடுங்கள், சின்னச் செலவுதான். முன் ஜாயிண்ட்டிலிருந்து ஆறு அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். ஜாயிண்ட் உடைந்து ஷாஃப்ட் தரையில் குத்தினால் காரையே தூக்கிவிடும், அதைத் தடுக்கத்தான் இது.

வீல் நட்டை நீங்களே சோதிக்கலாம். ஸ்டட்டின் (சக்கரம் மாட்டும் திருகுக் கம்பியின்) விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளம் மரை நட்டுக்குள் ஏறியிருக்க வேண்டும். உங்கள் காரில் 14 மில்லிமீட்டர் ஸ்டட், மரை இடைவெளி 1.5, ஆகவே நட்டைக் கையால் திருகும்போது ஒன்பதரைச் சுற்றாவது போக வேண்டும். சக்கரத்தை வெளியே தள்ளும் ஸ்பேசர் தட்டு போட்ட சக்கரங்கள் இங்கேதான் மாட்டும். இறுக்கம் ஃபோர்டு சொன்னபடி 150 பவுண்டு-அடி.

மற்றதெல்லாம் சில்லறை. எண்ணெய், கூலன்ட் சொட்டக்கூடாது. டயரில் கம்பி தெரியக்கூடாது. டிக்கியைக் காலி செய்யுங்கள். முழுக்கால் பேன்ட், ஷூ, சாக்ஸ் போடுங்கள், அரை டிராயரோடு வந்து திரும்பிப் போகிறவர்கள் ஒவ்வொரு வாரமும் உண்டு. கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும், பக்கத்தில் யாரையும் உட்கார வைக்க முடியாது. வரிசையில் நிற்கும்போதே ஏசியை அணைத்துவிடுங்கள், அதன் தண்ணீர் ஸ்டார்ட்டிங் லைனில் சொட்டினால் பின்னால் வருபவருக்கு வழுக்கும். டயரை நனைக்கத் தண்ணீர் தேக்கியிருக்கும் இடத்தில் டிராக் ரேடியலோடு இறங்காமல் சுற்றிப் போய், அதைக் கடந்தபின் சற்றுப் பின்னால் வந்து தண்ணீரின் ஓரத்தில் டயரைச் சுழற்றிச் சூடாக்குங்கள். முன்சக்கரம் நனைந்துவிட்டால் அந்த ஈரம் லைன் வரை வந்துவிடும்.