தோட்டக் கேள்வி–பதில்: இலையுதிர்காலத்தில் பூக்கும் கமேலியா

கேள்வி: தொட்டியில் வளர்க்கும் என் கமேலியாவில் கோடை முடியும்போது கிளை நுனியெங்கும் மொட்டுகள் திரண்டிருந்தன. பூக்க வேண்டிய இலையுதிர்காலத்தில் அவை பழுப்பாகி, தொட்டாலே உதிர்கின்றன. இப்போது நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றியும் பயனில்லை. உரம் போதவில்லையா?

பதில்: உரக் குறைவால் மொட்டு உதிர்வது அரிது. தாங்கள் இப்போது ஊற்றும் தண்ணீர் கோடையிலேயே போயிருக்க வேண்டிய தண்ணீர் என்றுதான் தோன்றுகிறது. இலையுதிர்காலத்தில் பூக்கும் சசாங்குவா இனக் கமேலியா இளவேனிலில் புதுத் தளிர் விட்டு, அந்தத் தளிர் முற்றத் தொடங்கும் கோடையில் அதன் நுனியிலும் இலைக்கக்கங்களிலும் (இலை தண்டோடு சேரும் இடங்களிலும்) மொட்டுக் கட்டுகிறது. மொட்டு பருத்து வரும் அந்த வாரங்களில் வேர்மண் ஒரே ஒரு முறை முற்றாகக் காய்ந்துபோனாலும் அதன் விளைவு பிற்பாடுதான் தெரியவரும். தடித்து மெழுகு பூசியது போன்ற இலை எளிதில் வாடித் தொங்காது என்பதால், செடி நலமாக இருப்பதாகவே நாம் எண்ணிக்கொள்கிறோம். பல வாரங்கள் கழித்து மொட்டு விழும்போது, காரணத்தை அந்தப் பருவத்திலேயே தேடுகிறோம்.

தொட்டிச் செடியில் இன்னொரு சிக்கலும் உண்டு. மரப்பட்டை, தேங்காய் நார்க்கழிவு போன்றவை கலந்த தொட்டிமண் நன்றாகக் காய்ந்தால் சுருங்கித் தொட்டியின் உட்சுவரை விட்டு விலகிவிடும். அதன் பிறகு ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாகவே இறங்கி அடித்துளையில் வழிந்துவிடும். மேல்மண் ஈரமாகவும், வேர்கள் பின்னிய நடுப்பகுதி உலர்ந்தும் இருக்கும். தண்ணீர் ஊற்றிய பிறகும் தொட்டியைத் தூக்கினால் கனமே தெரியவில்லை என்றால் ஐயமே வேண்டாம். தொட்டியை அப்படியே ஒரு பெரிய வாளித் தண்ணீரில் இறக்கி வையுங்கள். காற்றுக்குமிழ்கள் மேலெழுவது நின்றதும் வெளியே எடுத்து நன்றாக வடியவிடுங்கள். வடிய விடுவது முக்கியம், ஏனெனில் தட்டில் தேங்கிய நீரிலேயே நிற்கும் செடியும் மூச்சுமுட்டி, வேர் அழுகி, இதே போல மொட்டுகளை உதிர்க்கும். மொட்டுகள் மிக நெருக்கமாகக் கட்டியிருந்தால் அவற்றில் சிலவற்றைச் செடி தானாகவே கழிப்பதும் உண்டு. அதற்குக் கவலைப்பட வேண்டியதில்லை.

உரத்தைப் பொறுத்தவரை, அமில மண் விரும்பும் செடிகளுக்கென விற்கப்படும், மெதுவாகக் கரையும் உரத்தை இளவேனில் தொடக்கத்தில் ஒரு முறை இட்டாலே போதும். கோடையின் நடுப்பகுதிக்குப் பிறகு தழைச்சத்து கொடுத்தால், மொட்டுக்குப் போக வேண்டிய சத்து புதுத் தளிருக்குப் போகும், அந்த இளந்தளிரும் முதல் குளிரிலேயே கருகும்.

கேள்வி: புதிதாக வரும் இலைகள் மஞ்சளாகவும் அவற்றின் நரம்புகள் மட்டும் பச்சையாகவும் இருக்கின்றன. எங்கள் கிணற்று நீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. முட்டையோட்டுத் தூளும் சாம்பலும் போட்டுப் பார்த்தேன், இன்னும் மோசமாகிவிட்டது.

பதில்: மோசமாகத்தான் ஆகும். முட்டையோடு, சாம்பல் இரண்டுமே மண்ணின் காரத்தன்மையைக் கூட்டுபவை. கமேலியாவுக்கு மண்ணின் கார அமில நிலை (pH) ஏறத்தாழ 5.5 முதல் 6.5 வரை இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேர் அதை எடுத்துக்கொள்ள முடியாத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. அந்தக் குறை முதலில் இளம் இலையில் தெரிவதுதான் இதன் அடையாளம். அடிக்கிளையில் உள்ள முதிய இலைகள் சில மட்டும் மஞ்சளாகி விழுந்தால் அது பெரும்பாலும் வயதான இலை கழிவதே. பசுமை மாறாச் செடியும் பழைய இலையை ஒரு நாள் விட்டுத்தானே ஆக வேண்டும்.

மழைநீரைச் சேமித்து ஊற்றுங்கள். இதற்கு ஈடான மருந்து வேறில்லை. கொடுக்கிணைப்பு வடிவிலுள்ள, அதாவது வேர் எடுத்துக்கொள்ளக்கூடிய வடிவில் கட்டிவைக்கப்பட்ட (chelated) இரும்பு நுண்ணூட்டத்தை வேரில் ஊற்றினால் புதிய இலைகள் பச்சையாக வரும். ஆனால் தண்ணீர் மாறாதவரை அது தற்காலிகத் தீர்வே. செடி தொட்டியில் இருந்தால், பூத்து முடிந்ததும் பழைய மண்ணை முடிந்த அளவு உதிர்த்துவிட்டு, அமிலத்தன்மை கொண்ட புதிய கலவைக்கு மாற்றிவிடலாம். தோட்டத்தில் என்றால், சுண்ணாம்புக் காரை பூசிய சுவரையொட்டி நடாதீர்கள். தேயிலையும் கமேலியா பேரினத்தைச் சேர்ந்ததே என்பதால், காய்ச்சிய தேயிலைச் சக்கையைப் போட்டால் போதும் என்று சிலர் நம்புகிறார்கள். மெல்லிய மூடாக்காக அது கெடுதல் செய்யாது, ஆனால் சுண்ணாம்பு நீரை அதனால் ஈடுகட்ட முடியாது.

கேள்வி: தோட்டத்தில் ஒன்றும் தொட்டியில் ஒன்றுமாக நட விரும்புகிறேன். எந்த இரகம், எந்த இடம், வெயிலா நிழலா?

பதில்: முதலில் காலநிலையைப் பாருங்கள். தேயிலை நன்றாக வளரும் மண்ணும் குளிர்ச்சியும் உள்ள இடத்தில் இதுவும் வளரும். ஆண்டு முழுவதும் வெக்கையாக இருக்கும் சமவெளியில் செடி உயிரோடு இருந்தாலும் பூப்பது கடினம். அப்படிப்பட்ட இடத்தில் இதற்காகப் பணம் செலவிட வேண்டாம் என்பதே என் கருத்து.

சசாங்குவா தெற்கு ஜப்பானைத் தாயகமாகக் கொண்டது. குளிர்காலத்திலும் இளவேனிலிலும் பூக்கும் ஜப்போனிக்கா இனத்தைவிட இதன் இலை சிறியது, வெயில் தாங்கும் திறன் கூடுதல், பெரும்பாலான இரகங்களுக்கு இலேசான மணமும் உண்டு. ஜப்போனிக்காவின் பூ முழுதாகக் கழன்று விழும். சசாங்குவாவோ இதழ் இதழாகக் கொட்டும். ஒரு பூவின் ஆயுள் குறைவுதான், ஆனால் மொட்டுகள் அடுத்தடுத்து விரிவதால் பூக்கும் காலம் பல வாரங்கள் நீளும். குளிர் மிகுந்த இடத்தில் கோடை வெப்பம் கிடைத்தால்தான் மொட்டு நன்றாகக் கட்டும் என்பதால், அங்கே வெயில் படும் சுவரோரம் நல்லது. வெயில் கடுமையான இடத்தில் காலை வெயிலும் பிற்பகல் நிழலும் போதும்.

தோட்டத்துக்கு வெண்ணிற இதழ்களின் ஓரம் இளஞ்சிவப்பேறிய, மணமுள்ள நருமிகாடாவையோ, பெரிய வெள்ளைப் பூக்கள் கொண்ட செட்சுகெக்காவையோ பரிந்துரைப்பேன். தொட்டிக்குத் தாழ்வாகப் படரும் ஷிஷிகாஷிரா ஏற்றது. சிவப்பு ஒற்றையடுக்கு இதழ்களுக்கு நடுவே மஞ்சள் மகரந்தத் தாள்கள் எடுப்பாகத் தெரியும் யூல்டைட் அடக்கமாக வளர்வதால் அதுவும் பொருந்தும். நடும்போது வேர்முண்டின் மேல்மட்டம் சுற்றியுள்ள தரைக்குச் சற்று உயர்ந்தே இருக்க வேண்டும். இதன் வேர்கள் மேலோட்டமானவை, ஆழப் புதைத்தால் செடி ஆண்டுக்கணக்கில் தேங்கி நிற்கும். அடியைக் கொத்திவிடாமல், இலை மட்கை 5 செ.மீ. கனத்துக்கு, தண்டைத் தொடாதவாறு பரப்புங்கள். தொட்டியை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை ஓரளவே பெரியதாக மாற்றினால் போதும். கடும் உறைபனி இரவுகளில் தொட்டியின் பக்கங்களைச் சாக்கால் சுற்றுங்கள். நிலத்து வேர்களுக்கு இருக்கும் பாதுகாப்பு தொட்டி வேர்களுக்கு இல்லை.

கேள்வி: எப்போது கவாத்து செய்வது?

பதில்: பூத்து முடிந்ததும், புதுத் தளிர் கிளம்புவதற்கு முன்பாக. கோடையின் பிற்பகுதியில் வேலிபோல அழகாக வெட்டிவிட்டு, இலையுதிர்காலத்தில் பூ எங்கே என்று தேடுபவர்களின் கடிதங்கள் ஆண்டுதோறும் வருகின்றன. மொட்டுகளை அவர்களே வெட்டி எறிந்திருப்பார்கள்.

கேள்வி: இளவேனிலில் சில இலைகள் விரல் கனத்துக்கு வீங்கி, வெளிர் நிறமாகிவிட்டன. வேறு சில இலைகளில் கரி பூசியது போல் கறுப்பாக இருக்கிறது.

பதில்: இவை இரண்டும் வெவ்வேறு தொல்லைகள். வீங்கிய இலை பூஞ்சையால் வரும் இலைக்கழலை. ஈரமான இளவேனிலில் சசாங்குவாவில் அடிக்கடி காணப்படும். அதன் அடிப்பக்கம் வெள்ளையாகி வித்துகள் பறக்கும் முன்பே கிள்ளி எடுத்து, மட்குக் குழியில் போடாமல் குப்பையோடு அப்புறப்படுத்துங்கள். மருந்து தேவையில்லை. கறுப்புப் படலத்துக்கு இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் செதில் பூச்சிகள் கழிக்கும் இனிப்பு நீரின் மேல்தான் அது வளர்கிறது. சோப்பு நீரில் நனைத்த துணியால் பூச்சிகளைத் துடைத்தெடுத்தால் படலமும் நாளடைவில் போய்விடும்.

கேள்வி: விதையிலிருந்து வளர்க்கலாமா?

பதில்: வளர்க்கலாம், ஆனால் தாய்ச்செடியின் பூவே கிடைக்கும் என்ற உறுதி இல்லை, பூக்கவும் பல ஆண்டுகள் ஆகும். கோடையில், அடிப்பகுதி பழுப்பேறி நுனி இன்னும் பச்சையாக இருக்கும் இவ்வாண்டுத் தளிரை 10 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, மேலே இரண்டு இலைகளை மட்டும் விட்டு, மணலும் பெர்லைட்டும் (சூடாக்கிப் பொரித்த எரிமலைக் கல்லின் இலேசான வெண்மணிகள்) கலந்த ஈரக் கலவையில் நட்டு நிழலில் மூடி வையுங்கள். வேர் விட இரண்டு மூன்று மாதங்கள் பிடிக்கும். வேர் வந்துவிட்டதா என்று இழுத்துப் பார்க்க வேண்டாம். வந்த பிறகும் அடுத்த இளவேனிலில்தான் தனித்தொட்டிக்கு மாற்ற வேண்டும்.