பூண்டியில் சுந்தரர் கொடுத்த மனு

ஐயா, வணக்கமுங்க. சென்னிமலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர், தறி ஓட்டுகிறேன். வெள்ளிக்கிழமை தோறும் வார வழிபாட்டு மன்றத்தில் தேவாரம் ஓதுகிறோம். மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் கொஞ்ச நாளாக நாறுகிறது. மன்றத்தோடு கிராம சபைக்குப் போவோம் என்றேன். “சாமி கும்பிடற கூட்டத்துக்கு அரசியல் எதுக்குங்க?” என்று பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். வழிபாடு, ஊர்க்காரியம் இரண்டில் எது முதல் கடமை? தினமும் எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்? சபை நாளில் கிருத்திகை வந்தால் என்ன செய்வது? (பெயர் வேண்டாமுங்க.)

அன்புள்ள தம்பி,

நேரத்தை உங்கள் தறி வேலை முடிவு செய்யட்டும். எது முதல் என்பது வெட்டிப் பேச்சு.

பெரியவர்கள் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வாராவாரம் தேவாரம் ஓதுகிறவர்கள் திருமுருகன்பூண்டிப் பதிகத்தை ஓதியதே இல்லையா? அதைப் பாடிய சுந்தரருக்குச் சேர மன்னர் சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய பொன்னை வழியில் வேடர்கள் பறித்துக்கொண்டார்கள். சுந்தரர் கோயிலுக்குள் போய் “எல்லாரும் நல்லா இருக்கோணும்” என்று பொதுவாகக் கும்பிட்டுவிட்டு வரவில்லை. யார் மறிக்கிறார்கள், எப்படி மிரட்டுகிறார்கள், உடுத்த துணியைக்கூட எப்படி உருவுகிறார்கள் என்று பாட்டுக்குப் பாட்டு புட்டுப்புட்டு வைக்கிறார். இப்பேர்ப்பட்ட இடத்தில் நீர் எதற்கு ஐயா குடியிருக்கிறீர் என்று பொறுப்பில் உள்ளவரையே கேட்கிறார். வேடர் உருவில் வந்து பறித்தவர்கள் சிவனுடைய பூதகணங்கள்தான் என்கிறது பெரியபுராணம். அங்கேயும் உள்ளாள் வேலைதான் போலிருக்கிறது! பொன் திரும்பி வந்தது.

நீங்களும் லேசுப்பட்டவர் இல்லை. “தண்ணீர் நாறுகிறது” என்று ஒரு வரி எழுதுகிறீர்கள். எந்தத் தெருவில்? எந்நேரமும் நாறுகிறதா, திறந்ததும் வருகிற முதல் ஒன்றிரண்டு குடம் மட்டுமா? முதல் குடம் மட்டும் என்றால், சாக்கடையை ஒட்டிப் போகிற குழாயில் எங்கோ கசிவு இருக்கும். தண்ணீர் விடாத நேரத்தில் அந்த ஓட்டை வழியே அழுக்கு உள்ளே ஏறும். விடாமல் நாறினால் தொட்டியைச் சந்தேகப்படுங்கள். கடைசியாகச் சுத்தம் செய்த தேதி தொட்டியில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டி ஆபரேட்டரைக் குளோரின் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். தொட்டிக்கு அடியிலேயே பிடித்துப் பார்த்து “சரியா இருக்குதுங்க” என்பார். விடாதீர்கள், கடைக்கோடி வீட்டுக் குழாய்க்குக் கூட்டிப் போங்கள். அங்கேயும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும்.

இதையெல்லாம் எழுதி மனுவை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றை ஊராட்சியில் கொடுத்து, மற்றதில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லாரும் அதன் உறுப்பினர்கள்தான். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது 100 பேர் வர வேண்டும். ஆள் சேராமல் அல்லாடுகிற இடத்துக்கு, வாரம் தவறாமல் தானாகக் கூடுகிற உங்கள் மன்றம் எவ்வளவு பெரிய பலம் தெரியுமா கண்ணு?

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். நுழைந்ததும் பதிவேட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். பக்கத்தின் மேற்பாதி வெறுமையாக இருந்தால் போடாதீர்கள். கூட்டம் கலைந்தபின் அங்கே என்ன தீர்மானம் ஏறும் என்று யாருக்குத் தெரியும்? உங்கள் தீர்மானத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். “குடிநீர்ப் பிரச்சினைக்கு ஆவன செய்யப்படும்” என்று இருந்தால் அது தீர்மானமே இல்லை. எந்தத் தெரு, எந்தக் குழாய், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று எழுத வைத்து, கேட்டபின் கையெழுத்திடுங்கள். கடைசித் தீர்மானத்துக்குக் கீழே ஒரு கோடு போடச் சொல்லுங்கள். நகல் தர இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டிக் கேளுங்கள், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

கிருத்திகை வந்தால் விரதத்தோடே போங்கள். அங்கே கொடுக்கிற டீயை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.