வெறுங்காலுக்கு சாக்ஸ் வேண்டாம்க்கா

அக்கா, கோயில் கொடை விழாவுக்கு சாயங்காலம் 4 மணிக்கு மக பரதம் ஆடணும், ஒத்திகையிலயே கல்தளம் சுட்டு பாதம் கொப்பளிச்சிட்டு, தோல் கலர் சாக்ஸ் போடலாமான்னு கேட்டிருந்தீங்க. தயவுசெஞ்சு போட்டு விட்ராதீங்க. சாக்ஸ் வழுக்கும், அரைமண்டியில, அதான் முட்டிய மடக்கி பாதி உக்காந்தாப்ல, நிக்கும்போது கால்விரல் தரைய பிடிக்காது, தட்டடவுங்கிற அடிப்படை ஆட்டத்துல பாதம் முழுசா அடிச்சு வர்ற சத்தமும் செத்துப் போயிரும், சலங்கை மட்டும் தனியா கேக்கும். ஆடுததுக்கு முன்ன பூமியத் தொட்டு கும்பிடுதாள்லா, உன்ன மிதிக்கப் போறேன் பொறுத்துக்கன்னு கேக்குததுதான் அது. நம்ம நெல்லையப்பர் கோயில் தாமிர சபையில ஆடுத நடராசருக்கும் வெறுங்கால்தான்.

அதுக்காக பிள்ளை காலு வேகணும்னு இல்ல. விழாக்காரவுகட்ட பேசி நேரத்த 7 மணிக்கு மேல மாத்துங்க, சித்திரையில கல்லு பொழுதடைஞ்சும் லேசுல சூடு விடாது, அதனால முன்னாடியே ரெண்டு மூணு தடவ தண்ணி ஊத்திட்டு, ஏறுததுக்குள்ள ஈரம் போக துடைச்சிரச் சொல்லுங்க. ஜமுக்காளம் விரிச்சா ஓரமெல்லாம் டேப் ஒட்டணும், இல்லனா சுருண்டு தடுக்கும். எனக்கு ஒருக்கா பலகை மேடையில ஆணி குத்தி ரத்தத்தோட ஆடி முடிச்சேன், அதுலருந்து தரைய கையால தடவிப் பாக்காம ஏறுததே இல்ல, முன்ன ஆடுனவுக சலங்கை மணி உதிந்து கெடந்தாலும் குத்தும்.

கொப்பளத்த உடைக்காதீங்க. அது ஆறலன்னா இந்தக் கொடைக்கு அவ ஆட வேண்டாம்க்கா, டீச்சர்ட்ட நீங்களே சொல்லிருங்க.